அட்டையில் யார் முகம்? – மாணவர் இசை ஏடுகள் சொல்லும் வரலாறு



கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மாணவர்கள் கூடி இதழ் நடத்துவது நமக்குப் புதிதல்ல. அப்படிப்பட்ட இதழ் ஒன்று இசையைப் பற்றியதாக அமைந்துவிட்டால் முதல் விவாதம் எதைப் பற்றி எழும்? கட்டுரையைப் பற்றி அல்ல, கவிதையைப் பற்றியும் அல்ல. "அட்டையில் யார் படம் போடுவது?" என்பதுதான் முதல் சண்டை. பாடகர் படமா, மேளக் குழுவின் படமா? யார் எடுப்பது, எங்கே வைத்து எடுப்பது? இந்தக் கேள்விகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை எழுதியவர்களில் பலர் மாணவர்கள், அல்லது அப்போதுதான் படிப்பை விட்டு வந்த இளைஞர்கள். இன்றைய அரங்கில் அதைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

படமே இல்லாத தொடக்கம்

1966ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். அமெரிக்காவில் சுவார்த்மோர் கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த பால் வில்லியம்ஸ் என்ற 17 வயது மாணவர் ஓர் ஏட்டைத் தொடங்கினார். பெயர் 'கிராடாடி'. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தொடக்க காலத்தில் வாசித்த லண்டன் மன்றம் ஒன்றின் பெயர் அது. முதல் இதழ் 10 பக்கம், 500 படிகள், விலை 25 காசு. ராக் இசையைப் பொழுதுபோக்குச் செய்தியாகப் பார்க்காமல், இலக்கியத்தைப் போல் எடைபோட்டு எழுத வேண்டும் என்பது அந்த மாணவரின் எண்ணம்.

அந்த இதழ் ஸ்டென்சில் வெட்டி, உருளையில் மை தடவி, ஒவ்வொரு தாளாக உருட்டி எடுக்கப்பட்டது. நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் தேர்வுத்தாளையும் ஆண்டு மலரையும் இதே முறையில் உருட்டி எடுத்த மூத்த ஆசிரியர்களுக்கு அந்த மையின் மணம் இன்னும் நினைவிருக்கும். தட்டச்சு எழுத்து அதில் நன்றாக விழும். கோட்டோவியமும் ஓரளவு விழும். ஆனால் புகைப்படத்துக்கு அந்தக் கருவி ஏற்றதல்ல. வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறச் சாயல்களை அதனால் தர முடியாது. முகம் வெறும் கறைபோல் ஆகிவிடும். ஆகவே மாணவர் இசை ஏட்டின் முதல் அட்டை, படத்தை நம்பிப் பிறக்கவில்லை. எழுத்தை நம்பிப் பிறந்தது.

ஓர் அட்டையில் என்ன வரலாம் என்பதை முதலில் தீர்மானிப்பது அச்சு இயந்திரம்தான் என்பதை இங்கே நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆசை அதற்குப் பிறகுதான் வருகிறது.

இரவல் படத்தில் வந்த முதல் அட்டை

இந்த இடத்தில் இன்னோர் இளைஞர் வருகிறார். யான் வென்னர் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அங்கு மாணவர் நாளேட்டில் இசையைப் பற்றிப் பத்தி எழுதியவர். 1966இல் படிப்பைப் பாதியில் விட்டார். அடுத்த ஆண்டு, 21 வயதில், சான் பிரான்சிஸ்கோ நாளேடு ஒன்றின் ஜாஸ் இசை விமர்சகராக இருந்த ரால்ஃப் கிளீசன் என்ற மூத்தவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஓர் இதழைத் தொடங்கினார். கையில் இருந்த முதல் 7,500 டாலர். அதுவும் கடன் வாங்கியது. இடம், ஓர் அச்சகத்தின் மேல்மாடி. அந்த இதழ்தான் 'ரோலிங் ஸ்டோன்'.

முதல் இதழ் 1967 நவம்பர் 9 என்ற தேதியிட்டு வந்தது. அட்டையில் ஜான் லென்னன், படைவீரர் தலைக்கவசமும் வட்டக் கண்ணாடியும் அணிந்து நிற்கிறார். பின்னாளில் புகழ்பெற்ற அந்த அட்டைக்காக யாரும் எந்தத் திட்டமும் தீட்டவில்லை. யாரும் லென்னனைத் தேடிப்போய்ப் படம் எடுக்கவும் இல்லை. ரிச்சர்ட் லெஸ்டர் இயக்கிய ஒரு போர்க்கால நையாண்டித் திரைப்படத்தில் லென்னன் நடித்திருந்தார். அந்தப் படத்தின் விளம்பர நிழற்படம் கைக்கு எட்டியது; அது அட்டையாயிற்று. காசில்லாத இதழ்கள் எல்லாக் காலத்திலும் செய்வது இதுதான்.

40,000 படிகள் அச்சாயின. பெரும்பகுதி விற்காமல் திரும்பி வந்தது. ஆனாலும் இதழ் நின்றுவிடவில்லை.

இரண்டாம் இதழுக்கு நிலைமை மாறியது. பேரன் வூல்மன் என்ற 30 வயதுப் புகைப்படக் கலைஞர் வென்னருடன் சேர்ந்திருந்தார். அவர் எடுத்த டீனா டர்னரின் மேடைப் படம் அந்த இதழின் அட்டையில் வந்தது. அந்த இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண்ணும், முதல் கறுப்பினக் கலைஞரும் அவரே. படத்தில் அலங்காரம் இல்லை, அமர வைத்து எடுத்த நிலையும் இல்லை. ஆடிக்கொண்டே பாடும் ஒரு பெண்ணின் வேகம் மட்டும் இருந்தது.

வூல்மன் வேலைக்குச் சேர்ந்த விதத்தை மாணவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். கொடுக்கப் பணமில்லை என்று இதழ் கைவிரித்தது. "சரி, இலவசமாகவே எடுத்துத் தருகிறேன். ஆனால் நிறுவனத்தில் எனக்குப் பங்கு வேண்டும். நான் எடுக்கும் படங்களின் உரிமை என்னிடமே இருக்க வேண்டும்" என்ற கருத்தில் அவர் உடன்பாடு செய்துகொண்டார். அவர் அங்கே இருந்தது ஏறத்தாழ மூன்றே ஆண்டுகள். ஆனால் அந்த நெகடிவ்களைக் கொண்டு பின்னாளில் நூல்களும் கண்காட்சிகளும் அமைத்தார். 2020இல் அவர் மறைந்தார். சம்பளம் கேட்க முடியாத இடத்தில் உரிமையைக் கேட்டார் அவர்.

1968 மே 11 இதழின் அட்டையில் எரிக் கிளாப்டன். படம் எடுத்தவர் லிண்டா ஈஸ்ட்மன் என்ற இளம்பெண். அந்த இதழின் அட்டைக்குப் படம் எடுத்த முதல் பெண் அவர். அவரே பின்னர் லிண்டா மெக்கார்ட்னி ஆனார். 1974இல் தம் கணவருடன் அதே அட்டையில் இடம்பெற்றார். கேமராவின் பின்னாலும் முன்னாலும் நின்று அந்த அட்டைக்கு வந்தவர் அவர்.

பத்து நிமிடம், ஆறு படம்

திட்டமிட்டு எடுப்பது என்றால் என்ன என்பதற்கு இசைத்தட்டு உறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். உலகிலேயே அதிகம் போலி செய்யப்பட்ட இசைப்படங்களில் அதுவும் ஒன்று. பீட்டில்ஸ் குழுவினர் நால்வரும் லண்டனில் ஆபி ரோடு வரிக்கோட்டுப் பாதையில் சாலையைக் கடக்கும் காட்சி.

1969 ஆகஸ்டு 8, காலை பதினொன்றரை மணி அளவு. அதற்கு முன்பே பால் மெக்கார்ட்னி ஒரு தாளில் சிறு படம் வரைந்திருந்தார்: ஒரு சாலை, வெள்ளைக் கோடுகள், நான்கு குச்சி மனிதர்கள். படம் எடுக்க வந்த அயன் மெக்மில்லன் ஓர் ஏணியை நடுச்சாலையில் நிறுத்தி மேலே ஏறினார். காவலர் ஒருவர் போக்குவரத்தைச் சற்று நிறுத்திக் கொடுத்தார். கிடைத்த நேரம் ஏறக்குறைய பத்து நிமிடம். எடுத்தது ஆறே ஆறு படம்.

அந்த ஆறில் ஐந்தாவது படம் தேர்ந்தெடுக்கப்பட்டது. காரணம் எளியது. அதில்தான் நால்வரின் கால்களும் ஒரே சீராக விரிந்து, நடை ஒத்துப்போயிருந்தது. உறையை வடிவமைத்த கோஷ், முன்பக்கத்தில் குழுவின் பெயரும் வேண்டாம், இசைத்தட்டின் பெயரும் வேண்டாம் என்று முடிவு செய்தார். அவர்களைத் தெரியாதவர் யார் என்ற துணிவு அது.

இங்கே செலவு எங்கே ஆனது என்று பாருங்கள். அரங்கம் இல்லை, விளக்கு இல்லை, ஒப்பனைக் கலைஞர் இல்லை. பாடல் பதிவு செய்யும் கூடத்துக்கு வெளியே இருந்த சாலையே போதுமானதாக இருந்தது. முன்கூட்டி வரைந்த ஒரு தாள், ஓர் ஏணி, ஒரு காவலரின் தயவு, தேர்ந்தெடுக்கத் தெரிந்த ஒரு கண். இவை நான்கும் ஒரு மாணவர் சங்கத்துக்கு எட்டாத பொருள்கள் அல்ல.

மாணவி ஒருத்தி விமானம் ஏறினாள்

இனி இந்த வரலாற்றின் நடுப்பகுதிக்கு வருகிறேன்.

ஆனி லீபோவிட்ஸ் 1949இல் பிறந்தவர். ஓவிய ஆசிரியை ஆகலாம் என்று 1967இல் சான் பிரான்சிஸ்கோ கலைக் கழகத்தில் சேர்ந்தார். தந்தையார் விமானப்படையில் பணியாற்றியதால் குடும்பம் அப்போது பிலிப்பீன்ஸ் நாட்டில் இருந்தது. 1968இல் விடுமுறைக்குப் போனபோது தாயாருடன் ஜப்பான் சென்றார். முதல் நல்ல கேமராவை அங்கேதான் வாங்கினார். திரும்பி வந்ததும் ஓவியத்திலிருந்து புகைப்படத்துக்கு மாறினார்.

1970இல், இன்னும் மாணவியாக இருந்தபோதே, தாம் எடுத்த படங்களை எடுத்துக்கொண்டு ரோலிங் ஸ்டோன் அலுவலகப் படி ஏறினார். அந்த ஆண்டு டிசம்பரில் லென்னனைப் பேட்டி காண வென்னர் நியூயார்க் புறப்பட்டார். தம்மையும் அழைத்துச் செல்லும்படி ஆனி கேட்டார். அவர் சொன்ன காரணம் சுவையானது. இளையோருக்கான சலுகைக் கட்டணத்தில் பறப்பேன், நண்பர்கள் வீட்டில் தங்கிக்கொள்வேன், உங்களுக்குச் செலவு அதிகம் வராது என்றார். மாணவர் அட்டையின் பயனை அறிந்தவர்கள் இதைப் படித்துப் புன்னகைப்பார்கள்.

அங்கே எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் 1971 ஜனவரி 21 இதழின் அட்டையாயிற்று. வெளிச்சத்தை அளந்துகொண்டிருந்தபோது லென்னன் தலை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கணத்தைப் பிடித்துவிட்டார் ஆனி. உலகப் புகழ் பெற்ற ஒருவர் ஒரு மாணவியிடம் பந்தா எதுவும் இல்லாமல் நடந்துகொண்டார். அதுவே பின்னாளில் பெரிய மனிதர்களோடு பழகுவதற்குத் தமக்கு அளவுகோல் ஆயிற்று என்று ஆனி சொல்லியிருக்கிறார். 1973இல் அந்த இதழின் தலைமைப் புகைப்படக் கலைஞராக அவர் உயர்ந்தார்.

அதே 1973இல் நடந்த ஒரு வேடிக்கையையும் சொல்லாமல் விட மனமில்லை. டாக்டர் ஹூக் என்ற குழுவினர், ரோலிங் ஸ்டோன் அட்டையில் தங்கள் படம் வரவில்லையே என்று ஏங்குவதையே ஒரு நகைச்சுவைப் பாட்டாகப் பாடினார்கள். பாட்டு வெற்றி பெற்றது. இதழும் அவர்களை அட்டையில் போட்டது. ஆனால் புகைப்படமாக அல்ல, கேலிச்சித்திரமாக! அவர்கள் பெயரையும் சொல்லாமல், "அவங்க பேரு என்ன?" என்ற பாணியில் தலைப்பும் கொடுத்தது. அட்டை என்பது எவ்வளவு பெரிய மேடை ஆகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தாளுக்கு ஏற்ற வண்ணம்

அந்த இதழ் நாளிதழ்த் தாளில் அச்சாகி வந்தது. அந்தத் தாள் மையை உறிஞ்சும். மெல்லிய சாயல்கள் கலங்கிப்போகும். எழுபதுகளில் வண்ணம் வந்தபோது ஆனி இதற்கேற்பத் தம் முறையை மாற்றிக்கொண்டார். பளிச்சென்ற அடிப்படை வண்ணங்கள், அழுத்தமான ஒளி, ஒரே பார்வையில் புரியும் ஒரு கருத்து என்று அமைத்தார்.

1979இல் புளூஸ் பிரதர்ஸ் நகைச்சுவை இருவரின் முகத்தில் நீலச்சாயம் பூசி எடுத்தார். பெயரிலேயே நீலம் இருக்கிறதே! அதே ஆண்டு 'தி ரோஸ்' திரைப்படத்தில் நடித்த பெட் மிட்லரை ரோஜாப் பூக்களின் நடுவே படுக்க வைத்து எடுத்தார். கேட்பதற்கு எளிது. ஆனால் அவர் படுப்பதற்கு முன் முள்ளையெல்லாம் களைய வேண்டுமே! வாசகர் ஒரு நொடி பார்க்கும் படத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட வேலைகள் மணிக்கணக்கில் நடக்கின்றன.

கொடுத்த வாக்கு

1980 டிசம்பர் 8. லென்னனும் அவர் மனைவி யோகோ ஓனோவும் சேர்ந்து பாடிய இசைத்தட்டு முந்திய மாதம்தான் வெளிவந்திருந்தது. அதன் உறையில் இருவரும் முத்தமிடும் படம் இருந்தது. அது ஆனியின் மனத்தைத் தொட்டது. இதழ் அவரிடம் கேட்டது லென்னனின் தனிப்படம். லென்னனோ, மனைவியும் உடன் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்.

இருவரும் ஆடையின்றி இருப்பதாக முதலில் திட்டம். யோகோவுக்கு அதில் தயக்கம். சரி, நீங்கள் அப்படியே இருங்கள் என்று ஆனி சொல்லிவிட்டார். கறுப்புடையில் யோகோ படுத்திருக்க, லென்னன் மட்டும் கருவில் உள்ள குழந்தையைப் போல் சுருண்டு அவரை அணைத்துக்கொண்டார். முதலில் போலராய்டில் ஒரு சோதனைப் படம் எடுத்துக் காட்டினார். எங்கள் உறவை அப்படியே பிடித்துவிட்டீர்கள் என்ற பொருளில் லென்னன் மகிழ்ந்தார். இதுதான் அட்டை என்று அவர்களுக்குள் பேச்சாயிற்று.

அன்று இரவே, தாம் குடியிருந்த கட்டடத்தின் வாயிலில் லென்னன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதழ் அலுவலகத்தில், லென்னனின் பழைய தனிப்படம் ஒன்றை வைத்து நினைவு மலருக்கு அட்டை தயாராகிக்கொண்டிருந்தது. ஆனி போய் நின்றார். அட்டையில் இருவரும் சேர்ந்த படம்தான் வரும் என்று அவருக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார். வென்னர் அதை ஏற்று அவர் பக்கம் நின்றார். 1981 ஜனவரி 22 இதழ் அந்தப் படத்துடன், இதழின் பெயரைத் தவிர வேறு தலைப்பு எதுவும் இல்லாமல் வெளிவந்தது. 2005இல் அமெரிக்க இதழாசிரியர் சங்கம், கடந்த 40 ஆண்டுகளின் மிகச் சிறந்த இதழ் அட்டையாக அதைத் தேர்ந்தெடுத்தது.

நேயர்களே, அந்தப் படத்தின் ஒளியமைப்பையும் கோணத்தையும் பலர் புகழ்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. படத்தில் இருந்தவர் உயிரோடு இல்லை. வாக்கை மீறினாலும் கேட்க அவர் வரப்போவதில்லை. அந்த நிலையிலும் சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது. அதனால்தான் அது படமாக மட்டும் நின்றுவிடாமல் வரலாறாகவும் நிற்கிறது.

அட்டை ஒரு தீர்ப்பும் ஆகும்

இதே வரலாற்றுக்கு ஒரு நிழலும் உண்டு. இரண்டாம் இதழிலேயே டீனா டர்னரை அட்டையில் போட்ட வென்னர், 2023இல் தம் பேட்டி நூல் ஒன்றைப் பற்றிப் பேசும்போது, அதில் பெண் கலைஞர்களும் கறுப்பினக் கலைஞர்களும் இல்லாததற்கு அவர்களின் பேச்சாற்றலைக் குறைத்துச் சொல்லும் வகையில் காரணம் கூறினார். எதிர்ப்பு எழுந்தது.  ராக் இசைப் புகழ் மன்ற அறவாரியத்தின் நிர்வாகக் குழுவிலிருந்து அவர் நீக்கப்பட்டார்; அதன் பின் மன்னிப்புக் கேட்டார். யாரை முன்பக்கத்தில் வைக்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம் என்பது ரசனையோடு முடிந்துவிடுவதில்லை. அது ஒரு தீர்ப்பும் ஆகிவிடுகிறது. ஆண்டுகள் கழித்தும் அந்தத் தீர்ப்புக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் மாணவர்களுக்கு

இந்த வட்டாரத்திலும் இப்படிப்பட்ட முயற்சிகள் உண்டு. 1985இல் சிங்கப்பூரில் 'பிகோ' என்ற இசை ஏடு நகலெடுக்கும் இயந்திரத்தில் படியெடுத்த தாள்களாகவே தொடங்கியது. பணமில்லை என்பது ஒரு காரணமே அல்ல என்று அதுவும் காட்டியது.

இன்று கைத்தொலைபேசியிலேயே தரமான படம் எடுக்கலாம். ஆனால் கருவி எளிதானதால் வேலை எளிதாகிவிடவில்லை. மாணவர் சங்கம் ஒன்று தன் இசை மலருக்கு அட்டைப்படம் எடுக்க நினைத்தால், முதலில் ஒரு தாளில் வரைந்து பார்க்கட்டும். மேலே இதழின் பெயருக்கு இடம் விட்டிருக்கிறதா என்று அப்போதே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத்து நெற்றியில் விழும். எடுக்கும் இடத்துக்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். ஒரு சோதனைப் படம் எடுத்து, படத்தில் இருப்பவரிடமே காட்ட வேண்டும். உறுமி மேளக் குழு என்றால் அட்டையில் முன்வரிசை இளைஞர் மட்டும்தானா, பின்னால் நிற்கும் பெண்பிள்ளையும் உண்டா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கோயில் நாதஸ்வரக் கலைஞர் என்றால், அவருக்குப் பிடித்த நிலையில் நிற்க அவரை விடுங்கள்.

உரிமையைப் பற்றி ஒரு சொல். சிங்கப்பூரில் 2021இன் பதிப்புரிமைச் சட்டம், மற்றவர் கேட்டுக்கொண்டு எடுத்த படமானாலும், வேறு உடன்பாடு இல்லையென்றால் உரிமை எடுத்தவருக்கே என்று வைத்திருக்கிறது. எடுத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமையையும் தந்திருக்கிறது. மலேசியாவில் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் கேட்டு எடுப்பித்தவருக்கே உரிமை போய்ச் சேரும். ஆகவே ஜோகூர் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிலைமை வேறு. நட்பு கெடாமல் இருக்க ஒரே வழி, வூல்மன் செய்ததுபோல் முதலிலேயே பேசி, நான்கு வரி எழுதி, இருவரும் கையெழுத்திட்டு வைப்பதுதான். படம் எடுத்த மாணவரின் பெயரை உள்பக்கத்தில் அச்சிட எந்தச் செலவும் இல்லை. அதைக்கூடச் செய்யாத மலர்கள் நிறைய வருகின்றன.

சலுகைக் கட்டணத்தில் பறந்த மாணவி ஒருத்தி, பத்தாண்டுகளில் ஓர் இதழின் அட்டையைக் கண்ணீரோடு காத்து நின்றாள். அடுத்த மலருக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வரும் நம் பிள்ளைகளில் ஒருவருக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். வரும்போது, எடுத்த படத்துக்கும் கொடுத்த சொல்லுக்கும் பொறுப்பேற்கும் பழக்கம் இப்போதே அவர்களிடம் இருக்கட்டும்.